ஆறு மாசம்... ஒரு கையெழுத்து!

பாண்டிச்சேரின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம்! நாம பார்க்கப் போறது வேற. கடற்கரைக்குப் பக்கத்திலேயே, மரீன் வீதியில் இருக்கிற பிரெஞ்சு துணைத் தூதரகம்.

எங்க காலேஜ்ல மூணாவது வருஷம் வந்தாலே கிரீன் கார்டு பேச்சு ஆரம்பிச்சுடும். ஜி.ஆர்.இ., எஃப்-1, ஹெச்-1பி, கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப்னு ஆளாளுக்கு இருபது வருஷ பிளான் கையில ரெடி. அரியர் க்ளியர் பண்றதுக்கு மட்டும் பிளான் கிடையாது! ஆனா இந்த ஊர்ல பிளேன் ஏறாமலேயே, வாசல் திண்ணையில உட்கார்ந்தபடியே, வெளிநாட்டுக் குடிமகன்களா இருக்கிற தமிழர்கள் சில ஆயிரம் பேர் உண்டு. மீன் மார்க்கெட்ல பேரம் பேசுற ஆயாவோட பீரோவில் பிரான்ஸ் பாஸ்போர்ட் இருக்கலாம்.

எப்படி? கொஞ்சம் ஹிஸ்டரி. (ஓடாதீங்க, சின்னதுதான்!) 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூர்ல மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோடு சேரணும்னாங்க. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறிச்சு. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. ஆனா அது சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான். அன்னிக்கு இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் இந்தியர்கள் ஆனாங்க. 'இல்லை, நான் பிரெஞ்சுக்காரனாகவே இருக்கேன்'னு சொல்ல நினைச்சவங்க எழுதிக் கொடுக்கணும். அதுக்கு டைம், ஆறே மாசம்.

ஒரு அப்பாவுக்கு மூணு பிள்ளைங்கன்னு வச்சுக்குங்க. மூணு பேரும் பாண்டிச்சேரியில் பிறந்தவங்க. பெரியவர் சைகோன்ல வேலை பார்த்தார். அவர் எதுவும் எழுதித் தர வேண்டாம், தானாகவே பிரெஞ்சுக்காரர். நடுவுல இருக்கிறவர் இங்கே இருந்து எழுதிக் கொடுத்தார், அவரும் பிரெஞ்சுக்காரர். கடைசித் தம்பி எழுதல, இந்தியர். ஒரே வீடு, ஒரே அம்மா கை சாப்பாடு. பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்த கல்யாணமாகாத பசங்களுக்கு அப்பா எழுதினதுதான் கணக்கு. எழுதிக் கொடுத்தவங்க சுமார் 5,000 பேர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கின 'சொல்தா' குடும்பங்கள் இதுல நிறைய.

புஸ்ஸி வீதிப் பக்கம் திண்ணையில் பேப்பர் படிச்சிட்டிருந்த 84 வயசு தாத்தா ஒருத்தரைப் பிடிச்சேன். அவர் எழுதிக் கொடுக்கல. அண்ணன் கொடுத்திருக்கார்.

"அப்பதான் வெள்ளைக்காரன் போனான். திரும்ப அவன்கிட்டயே போய் கையெழுத்துப் போடணுமான்னு வீம்பு. அப்போ எனக்கு இருபது வயசுதான் தம்பி, உன் வயசு!"

அண்ணன் பிள்ளைகள் பாரிஸ் பக்கம் செட்டில் ஆகிட்டாங்க. தாத்தாவோட பேரன் இங்கே என்னை மாதிரி இன்ஜினீயரிங். அமெரிக்கா போக ஜி.ஆர்.இ. படிக்கிறான். வருத்தம் உண்டான்னு கேட்டேன். "எனக்கு இல்லப்பா. 'ஏன் தாத்தா எழுதல'ன்னு பேரன் கேட்கிறப்பதான்..." அதோட நிறுத்திட்டு, காபி வந்துச்சான்னு உள்ளே குரல் கொடுத்தார்.

இப்போ முயற்சி பண்ணா கிடைக்காதா? அங்கேதான் பேப்பர் யுத்தம். தாத்தா பிறந்த சர்டிஃபிகேட், பாட்டி கல்யாணப் பதிவு, 1962-ல் யார் எங்கே குடியிருந்தாங்கங்கிற ஆதாரம்... நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேட்கிறவர் தலையில். பெயர்கள் வேற படுத்தும். பிரெஞ்சு எழுத்துல 'ழ' வராதே! பழைய பதிவேட்டில் பழனி, 'பஜனி'ன்னு படிக்கிற மாதிரி இருப்பார். முத்துவுக்கு ஆங்கிலத்துல ஒரு ஸ்பெல்லிங், பிரெஞ்சுல ஒரு ஸ்பெல்லிங். பேரே மாறின குடும்பங்களும் உண்டு. 1881-ல் வந்த ஆணைப்படி, சொந்த சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவங்க புதுக் குடும்பப் பெயர் வச்சுக்கிட்டாங்க. ஷூ போட்டு கோர்ட்டுக்கு வந்ததுக்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை போய் ஜெயிச்ச வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனது அப்படித்தான்.

இதைவிடப் பெரிய செக் ஒண்ணு இருக்கு. பிரெஞ்சு சட்டத்தில் அரை நூற்றாண்டு விதி. குடும்பம் ஐம்பது வருஷத்துக்கு மேல வெளிநாட்டிலேயே இருந்து, கேட்கிறவரும் அவரோட அப்பாவோ அம்மாவோ பிரெஞ்சுக்காரரா நடத்தப்பட்டதுக்கு அடையாளமே இல்லைன்னா, பரம்பரை ஆதாரத்தைக் காட்டவே அனுமதி கிடையாது. 1962-ல் இருந்து எண்ணுங்க... 2012 ஆகஸ்ட்டோட ஐம்பது முடிஞ்சுது. பாண்டிச்சேரி கேஸ்கள் பலதும் இதுலதான் அடிபடுது. பெட்டி நிறைய பேப்பர் இருந்தும் கதவு சாத்திடுச்சு.

மிச்சம் இருக்கிற வழி, கல்யாணம்! 'பிரெஞ்சு நேஷனாலிட்டி வரன்'னா இந்த ஊர்ல தனி மவுசு. எனக்கு இந்த வியாபாரம் சுத்தமா பிடிக்கல. அதுவும் இன்ஸ்டன்ட் காபி இல்லை. கல்யாணமாகி குறைஞ்சது நாலு வருஷம் காத்திருக்கணும், பிரெஞ்சு மொழியும் தெரிஞ்சிருக்கணும்.

பாஸ்போர்ட் இருக்கிறவங்க வாழ்க்கையும் வேடிக்கைதான். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதனால பிறந்த ஊர்லயே வெளிநாட்டுக்காரங்க. ஓ.சி.ஐ. கார்டு வாங்கி வச்சுக்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரர் புதுச்சேரி சட்டசபைத் தேர்தலுக்குப் போவார், இவங்களால முடியாது. ஆனா பிரான்ஸ் அதிபரைத் தேர்ந்தெடுக்க பாண்டிச்சேரியிலேயே ஓட்டுப் போடுவாங்க. ஜூலை 14 வந்தா, வயசான சொல்தாக்கள் மெடல் குத்திக்கிட்டு கடற்கரை போர் நினைவுச் சின்னத்துக்கு வந்துடுவாங்க.

கடைசியா நம்ம கிரீன் கார்டு கோஷ்டிக்கு ஒரு மேட்டர். வேலை மூலமா வாங்குற கிரீன் கார்டுக்கு அமெரிக்காவில் நாட்டுவாரி உச்சவரம்பு உண்டு, 7 சதவிகிதம். இந்தியர்கள் வருஷக்கணக்கா க்யூவில் நிக்கிறது அதனாலதான். அந்தக் கணக்கில் அவங்க பார்க்கிறது பாஸ்போர்ட்டை இல்லை, பிறந்த இடத்தை! பாண்டிச்சேரியில் பிறந்தவர், கையில் பிரான்ஸ் பாஸ்போர்ட்டே வச்சிருந்தாலும் பொதுவா இந்தியா கணக்கில்தான் வருவார். வேற நாட்டில் பிறந்தவரைக் கட்டிக்கிட்டா மட்டும் அந்த நாட்டுக் கணக்குக்குத் தாவலாம்.

இதை நம்ம தாத்தாகிட்டே சொன்னேன். அவர் அண்ணன் பேரன்கள்ல ஒருத்தன் பிறந்தது இங்கே ஜிப்மர்லயாம். பேப்பரை மடிச்சு வச்சுட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அவனும் எங்க பையனும் அங்கே ஒரே க்யூவா?"