சாமல்பட்டியிலிருந்து தீர்த்தமலைக்கு

ஜோலார்பேட்டை – சேலம் இருப்புப் பாதையில், திருப்பத்தூருக்கும் மொரப்பூருக்கும் இடையே அமைந்த சிறு நிலையம் சாமல்பட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு கோடியில் ஒசூரின் ஆலைகள் இரைந்துகொண்டிருக்க, மறுகோடியில் புன்செய்க் காடுகளுக்கு நடுவே அமைதியாக இருக்கிறது இவ்வூர். பிள்ளைகள் ஒசூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கச் சென்றுவிட, வீட்டைக் காப்பவர்கள் பெரும்பாலும் முதியோரே. அவர்களுக்கு முழங்கால் ஓய்ந்தால் கோயிலும் ஓய்ந்தது என்பதே நெடுநாள் வழக்கு.

இங்கிருந்து ஊத்தங்கரை வழியாகத் தெற்கே சென்றால் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம். அதற்கும் அப்பால் தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை. இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் சிவபூசைக்குக் கங்கை நீர் கொணர அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாகவே, அம்பெய்து மலைப்பாறையில் நீரை வரவழைத்தார். பின்னர் வந்த அனுமன் வருத்தத்தில் வீசிய கங்கை நீர் விழுந்த இடமே அனுமன்தீர்த்தம் என்பது தலபுராணம். முதலில் அங்கு நீராடி, பிறகு மலையேறி இராமதீர்த்தத்தில் நனைந்து, தீர்த்தகிரீசுவரரையும் வடிவாம்பிகையையும் தரிசிப்பது மரபு.

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர் இம்மலையை எண்ணிப் பார்க்கலாமா? பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000 அக்டோபரில் தமது 75ஆம் வயதில் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் மும்பையில் இவ்வறுவை செய்துகொண்டார். அடுத்த மாதமே ஆக்ரா உச்சி மாநாட்டில் பாகிஸ்தான் அதிபரோடு பேச்சு நடத்தினார். எல்லோருக்கும் அந்த வேகம் வாய்க்காது, வேண்டியதும் இல்லை. கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். காலை மடக்கி நீட்டும் பயிற்சியோ மாதக்கணக்கில் நீளும். வலிக்கு அஞ்சி அதைக் கைவிட்டவர்களே பெரும்பாலும் திண்ணையோடு நின்றுபோகிறார்கள்.

படிக்கு ஒரு முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். ஊன்றுகோல் அறுவைக் காலோடு சேர்ந்தே செல்ல வேண்டும். தையல் புண் முழுதும் ஆறும்வரை ஆற்றிலோ குளத்திலோ இறங்கலாகாது. கண்புரை அறுவை செய்தவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை கண்ணில் நீர் படாமல் காக்க வேண்டும். தீர்த்தத்தைக் கையில் ஏந்தி உட்கொண்டாலே போதும். மண்டியிட்டு விழுந்து வணங்கவும் பலருக்கு அனுமதி கிடைப்பதில்லை. நின்றபடி கைகூப்பியவரை இறைவன் குறைவாகவா எண்ணுவார்?

கோல் ஊன்றக் கூசுவோர் சுந்தரரை நினைக்கலாம். திருவொற்றியூரில் பார்வை இழந்த அவருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் முதலில் அளித்தது கண்ணன்று, ஊன்றுகோல். அதைப் பற்றிக்கொண்டே நடந்து காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். கோல் கிடைத்ததும் அவர் பயணத்தை நிறுத்திவிடவில்லை.

தீர்த்தமலைக்கு விடியற்காலையில் ஏறத் தொடங்குவது நல்லது. வெயில் ஏறினால் பாறை சுடும். ஒரே மூச்சில் ஏற வேண்டியதில்லை. மருத்துவர் இன்னும் மலைக்கு இசையவில்லையெனில், அடிவாரத்திலும் தீர்த்தகிரீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். இவ்வாண்டு அங்கே, மறு ஆண்டு மேலே.