துடைப்பமும் தந்தச் சிலையும்

துடைப்பத்தைக் கண்டு உள்ளம் உடைந்துபோன கலைஞன் ஒருவனை அரபு நாடக இலக்கியம் நமக்குக் காட்டுகின்றது. கேட்போர்க்கு இது நகைப்பை விளைவிக்கலாம். ஆயின், நெஞ்சில் ஒரு கனவைச் சுமந்துகொண்டே குடும்பத்தையும் நடத்திச் செல்லும் எவரும் அக்காட்சியைப் படித்துவிட்டுச் சிரிக்கமாட்டார்.

எகிப்தியப் பேரெழுத்தாளர் தவ்ஃபீக் அல்ஹகீம் 1942ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிக்மாலியூன்' என்னும் நாடகத்தையே குறிப்பிடுகின்றோம். கதை பண்டைக் கிரேக்கருடையது. பாரிஸ் லூவர் கூடத்தில் தாம் கண்ட ஓவியமும், பின்னர் பார்த்த பெர்னார்ட் ஷாவின் கதையைத் தழுவிய திரைப்படமும் இதை எழுதத் தம்மைத் தூண்டியதாக ஆசிரியர் முன்னுரையில் கூறுகின்றார். தம் அரங்கைச் சிந்தைக்குள் அமைத்துக்கொண்டதாகவும் அவர் அங்கே சொல்கின்றார். கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள் வருகின்றனவே என்று நம்மவர் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. அவை அவருக்கு உருவகங்களேயன்றி வேறல்ல.

பிக்மாலியூன் என்னும் சிற்பி தந்தத்தில் கலாத்தியா என்ற பெண்ணுருவைச் செதுக்குகின்றான். அது உயிர்பெற வேண்டுமென வேண்டுகின்றான், பெறுகின்றது. சில குழப்பங்களுக்குப் பின் அவள் அன்பு மனைவியாகி, கானகத்துக் குடிசையில் அவனோடு வாழ்கின்றாள். ஒருநாள் அவள் கையில் துடைப்பத்தைக் காண்கின்றான். அவன் மனம் இருள்கின்றது. மூப்பும் மரணமும் அணுகாத பேரழகைப் படைத்த தனக்கு, வீடு கூட்டும், நாளை முதுமை எய்தும் ஒரு மனைவியா என்று வெதும்புகின்றான். மீண்டும் சிலையாக்கிவிடுமாறு வேண்டுகின்றான்; அதுவும் நடக்கின்றது. சிலை திரும்பியதும் மனைவியை எண்ணி ஏங்குகின்றான். கலையா, வாழ்வா என்ற தத்தளிப்பில் இறுதியில் சிலையையே உடைத்துவிடுகின்றான்.

ஆசிரியர் இத்தத்தளிப்பை அறியாதவரல்லர். நீதிபதியின் மைந்தரான அவர், பெற்றோருக்குத் தெரியாதிருக்கவே தொடக்கத்தில் ஹுஸைன் தவ்ஃபீக் என்ற பெயரில் நாடகம் எழுதினார். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றுவர 1925இல் பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். நாடகத்திலும் இசையிலும் தோய்ந்து, பட்டமின்றி 1928இல் திரும்பினார். பின் சிற்றூர்களில் அரசு வழக்குரைஞராகப் பணியாற்றினார். அந்த அலுவலக அலுப்பிலிருந்தே 1937இல் அவருடைய புகழ்மிக்க நாட்குறிப்பு நாவல் பிறந்தது. பெண்ணின் பகைவர் எனப் பெயரெடுத்த அவரே 1946இல் மணம் புரிந்தார் என்பதையும் நினைவிற்கொள்க.

இனி, நம் மார்க்கப் பெரியோரின் வரலாற்றைப் பார்ப்போம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095இல் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பதவியைத் துறந்து புறப்பட்டார்கள். அப்போதும் பிள்ளைகளின் வாழ்வுக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்த பின்னரே எஞ்சியதை வாரி வழங்கினார்கள். பிள்ளைகளின் அழைப்பு தம்மைத் தாயகத்திற்கு ஈர்த்துவந்ததென்றும், குடும்பக் கவலைகள் தனிமையின் தெளிவைக் கலக்கினவென்றும் அவர்களே ஒளிக்காமல் எழுதியுள்ளார்கள். அத்துணைப் பெரிய இமாமே கலங்கினார்கள் என்றறியும்போது நம்போன்றோர்க்கு ஓர் ஆறுதல் பிறக்கின்றது.

நமக்கும் ஒரு கனவு உண்டு. இந்நாடகத்தைத் தமிழாக்கித் தரவேண்டும் என்பதே அது. மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் வேலை, மூத்த மகளின் நிக்காஹ், இளையவனின் படிப்புச் செலவு, உம்மா அவர்கள் படுக்கையில் விழுந்த ஆண்டுகள் ஆகிய இவற்றிடையே, சுபுஹுக்குப் பின் கிடைக்கும் ஒரு மணி நேரமே அதற்கு உரியதாயிற்று. பல காலைகளில் அதுவும் கிட்டவில்லை. இதில் இழப்பே இல்லை என்று சொல்வது பொய்யாகும். முப்பது வயதில் இருந்த வேகம் ஐம்பதுக்குப்பின் மீள்வதில்லை.

உம்மாவின் கட்டிலருகே அமர்ந்து துடைப்பக் காட்சியை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது, என்ன எழுதுகின்றாய் என்று கேட்டார்கள். கதையைச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அவ கூட்டலேன்னா அந்த வீட்டை வேறெ யாரு வாப்பா கூட்டுவா?" என்றார்கள்.

உரைநூல் எதிலும் காணாத விளக்கம் அது. சிற்பியின் கனவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றோம். கலாத்தியாவுக்கும் ஒரு கனவு இருந்திருக்கலாம் என்பதை எண்ணுவார் அரியர். கனவா, கடமையா என்று ஆண்கள் திண்ணையில் அமர்ந்து வாதிடும் வேளையில், கடமை வேறொருவர் கையில் துடைப்பமாக நடந்துகொண்டிருக்கின்றது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததைப் புகாரியில் காண்கின்றோம். அதே நூலில் ஸல்மான் (ரலி) அவர்கள், இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை நினைவூட்டியதும் பதிவாகியுள்ளது. இவ்விவாதம் எழக் காரணம், கவனிப்பாரற்றிருந்த மனைவியின் கோலத்தை ஸல்மான் (ரலி) கண்டதே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வணக்கத்திற்கே இவ்வரம்பு உண்டெனில், கலைக்கும் கல்விக்கும் விலக்கு ஏது?

நம் இல்லத்தரசிக்கு அரபுத்தமிழ் மாலைகளில் நல்ல பயிற்சி உண்டு. பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் விருப்பம். இப்போது அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நம் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு சிறுமியர் அமர்கின்றனர். அந்நேரம் அடுப்படி நம் பொறுப்பு. நம் கைத்தேநீர் சுமார் என்பது வீட்டார் தீர்ப்பு. அதை எதிர்த்து நாம் முறையீடு செய்யவில்லை.

இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: கனவைக் கைவிடாதீர்கள், ஆனால் அது நிற்கும் தரையை நாள்தோறும் கூட்டுபவர் யாரென்று பாருங்கள். வீட்டாரும், விளக்கடியில் குனிந்து எழுதுபவனைப் பிழைக்கத் தெரியாதவன் என ஏசாதிருக்கட்டும். முறைவைத்துக் கூட்டினால் இருவர்க்கும் நேரம் மிஞ்சும். நம் மொழிபெயர்ப்பு பாதியைத் தாண்டியிருக்கின்றது. மீதியும் முடியும், இன்ஷா அல்லாஹ்.