மறைக்க விரும்பிய மூன்று மாதங்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்கு அடுத்த தெருவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கின்றோம். எங்களில் ஒருவர் பியூஸ் கட்டை செய்யும் சிறு தொழிற்கூடமொன்றில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர்; மற்றவர் பக்கத்துக் கூடத்தில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டியவர். சூளை ஆறியபின் வெளிவரும் கட்டைகளை ஒன்றோடொன்று மெல்லத் தட்டிப் பார்ப்பது இத்தொழிலின் வழக்கம். 'ணங்' என்று ஒலித்தால் நல்ல கட்டை. மந்தமாக ஒலித்தால், மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும், உள்ளே விரிசல் உண்டென்று பொருள். அதை மூட்டையில் சேர்க்கக்கூடாது. யாரோ ஒருவர் வீட்டின் மின்பெட்டியில் அது பொருத்தப்படும். அந்த வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள்.

இவ்வளவு தெரிந்திருந்த நாங்கள், எங்கள் மகளின் வாழ்வில் ஒரு விரிசல் விழுந்தபோது, அதை மறைத்துப் பூசிவிடச் சொன்னோம். அந்த நிகழ்ச்சியை எங்களைப் போன்ற பெற்றோருக்குப் பயன்படலாம் என்றெண்ணி, அவளுடைய இசைவோடு எழுதுகின்றோம்.

மூத்த மகள் நான்காண்டு செவிலியர் பட்டப் படிப்பை முடித்தாள். வங்கிக் கடன் பாதி, அடகு வைத்த நகை பாதியாகப் படிக்க வைத்தோம். சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்து சான்றிதழ் பெற்ற நாளில், அதை நற்கருணைப் பேழைக்கு முன் வைத்து மன்றாடிவிட்டுத்தான் வீடு திரும்பினோம். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெருநகரத்துத் தனியார் மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. செப்டம்பர் முதல் வாரத்தில், ஒரு பெட்டியோடும் வீங்கிய கண்களோடும் விருத்தாசலம் சந்திப்பில் வந்திறங்கினாள்.

நடந்தது இதுதான். இரவுப் பணி, முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இரண்டே செவிலியர். அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயர் கொண்ட இரு மூதாட்டியர். ஒருவருக்கு ஏற்ற வேண்டிய மருந்தை மற்றவருக்கு ஏற்றத் தொடங்கிவிட்டாள். சில நிமிடங்களில் ஐயம் தட்டவே கைப்பட்டையிலிருந்த எண்ணைப் பார்த்தாள், உடனே நிறுத்தினாள். பணியிலிருந்த மருத்துவரை எழுப்பிச் சொன்னாள். நடந்ததை நடந்தபடியே குறிப்பேட்டில் எழுதினாள். இறைவன் அருளால் அந்தத் தாய்க்கு எத்தீங்கும் நேரவில்லை. ஆயினும் நான்காம் நாள், தானாக விலகுவதாகக் கடிதம் எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். பணிபுரிந்ததற்கான சான்று கேட்டாள், தரவில்லை.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் செவிலியர் முதலாண்டிலேயே கற்கிறார்கள். பெயரோடு எண்ணையும் சேர்த்து, இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. எங்கள் மகள் அந்த இரவில் பெயரோடு நின்றுவிட்டாள். அது அவளுடைய பிழையே. அதை அவளும் மறுக்கவில்லை. ஆயினும் 1999-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, மருத்துவமனைப் பிழைகளில் பெரும்பாலானவை தனி மனிதரின் அலட்சியத்தால் மட்டும் நேர்வன அல்ல, பணி அமைப்பின் குறைகளால் நேர்வன என்று கூறியது. பிழையைச் சொன்னவரைத் தண்டித்தால், அடுத்தவர் தம் பிழையைச் சொல்லமாட்டார். அப்போது நோயாளிக்கே ஆபத்து. உலக நலவாழ்வு அமைப்பும் 2017-ஆம் ஆண்டு முதல் மருந்துப் பிழைகளைக் குறைப்பதற்கென்றே ஒரு பேரியக்கத்தை நடத்தி வருகின்றது. இவற்றையெல்லாம் பின்னாளில் அவள் சொல்லித்தான் அறிந்தோம். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கடன் தவணை மாதந்தோறும் ஐந்தாம் தேதி வரும் என்பது மட்டுமே.

வேலை தேடும் படலம் தொடங்கியது. விருத்தாசலம், நெய்வேலி, கடலூர், புதுச்சேரி என்று சான்றிதழ்க் கோப்பைச் சுமந்துகொண்டு அலைந்தாள். எங்கு சென்றாலும் கேட்ட முதற்கேள்வி ஒன்றே: "படித்து முடித்தபின் எங்கே வேலை செய்தாய்?" வேலை செய்ததாகச் சொன்னால் சான்று எங்கே என்பார்கள், செய்யவில்லை என்றால், இத்தனை காலம் ஏன் வீட்டிலிருந்தாய் என்பார்கள். ஓரிடத்தில் உண்மையைச் சொன்னாள். கேட்டவர் கோப்பை மூடி அவள் பக்கமாக நகர்த்திவிட்டார். இன்னோரிடத்தில், மூலச் சான்றிதழ்களை ஈராண்டுக்கு ஒப்படைத்தால் வேலை தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு வந்தாள்.

காலமும் அவளுக்குச் சாதகமாக இல்லை. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அரசு ஒப்பந்த முறையில் எடுத்த செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி, 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. உயிரைப் பணயம் வைத்துத் தொற்று வார்டுகளில் நின்ற அப்பெண்கள், புத்தாண்டுப் பிறப்பில் தெருவில் அமர்ந்து போராடியதை நாளிதழ்களில் கண்டோம். அவர்களுக்கு மாற்றுப் பணி வழங்குவதாக அரசு பின்னர் அறிவித்தது. "என்னைவிட அனுபவம் மிகுந்த அவர்களுக்கே இந்த நிலை என்றால், எனக்கு யார் கதவைத் திறப்பார்கள்?" என்று மகள் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016-இல் ஆணையிட, மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் அதில் பாதியைச் சொல்வதற்கே தயங்கினார்கள். வெளிநாடு செல்லலாமென்றால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் விளம்பரங்களிலும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டு அனுபவம் கேட்கப்பட்டது. அனுபவம் பெற வேலை வேண்டும். வேலை பெற அனுபவம் வேண்டும்.

அந்த நிலையில்தான் நாங்கள் தவறினோம். "அந்த மூன்று மாதங்களை எவரிடமும் சொல்லாதே. பாட்டிக்கு உடல்நலமில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தேன் என்று எழுது. யாருக்கு என்ன நட்டம்?" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, உள்ளே விரிசல் என்று தெரிந்த கட்டையை நீங்கள் என்றைக்காவது மூட்டையில் போட்டதுண்டா?" என்று கேட்டாள்.

கோபம் வந்தது. "அப்படியானால் நீ விரிசல் விட்ட கட்டையா? உன்னைக் குப்பையில் எறிவதா?" என்று இரைந்தோம். அவள் அமைதியாகச் சொன்னாள்: "சுட்டு உடைந்ததைக்கூட எறிய மாட்டார்கள் என்று நீங்கள்தானே அப்பா சொல்லியிருக்கிறீர்கள்."

உண்மைதான். ஈரம் காயாத பச்சைப் பாண்டம் உடைந்தால் நீரில் கரைத்து மீண்டும் களிமண்ணாக்கலாம். சூளையில் சுட்டபின் அது கரையாது. ஆனால் அந்த உடைசலை இடித்துப் பொடியாக்கிப் புது மண்ணோடு கலந்து, சூளைக்குள் மற்றப் பாண்டங்களை அடுக்கிவைக்கும் பெட்டிகளைச் செய்வதுண்டு. ஏற்கெனவே நெருப்பைக் கண்ட மண் என்பதால், அது கலந்த பெட்டி வெப்பத்தில் எளிதில் வெடிப்பதில்லை. ஒருமுறை உடைந்தது மற்றவற்றைத் தாங்குவதற்குப் பயன்படுகிறது. இதைத் தொழிலாகச் செய்தவர்கள் நாங்கள். மகள்தான் எங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அத்தவக்காலத்தில் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்குச் சென்றிருந்தோம். வீரமாமுனிவர் எழுப்பிய அக்கோவிலின் நிழலில், உடன் வந்த பங்குத்தந்தையிடம் மனப்பாரத்தை இறக்கிவைத்தோம். அவர் அறிவுரை ஏதும் கூறாமல் புனித கமில்லஸ் தெ லெல்லிசின் வரலாற்றைச் சொன்னார். 1550-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த கமில்லஸ், காலில் ஆறாத புண்ணோடு உரோமையிலிருந்த புனித யாக்கோபு மருத்துவமனையில் சேர்ந்து, அங்கேயே பணியாளராகவும் இருந்தார். சூதாட்டத்தாலும் சண்டைக் குணத்தாலும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் மனம் மாறிக் கப்புச்சின் சபையில் சேர்ந்தார். கால்புண் மீண்டும் திறந்ததால் அங்கும் நிலைக்க முடியவில்லை. முன்பு தம்மை வெளியேற்றிய அதே மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்று, காலப்போக்கில் அதன் கண்காணிப்பாளராக உயர்ந்தார். நோயாளருக்குப் பணிபுரியும் சபையை நிறுவினார். 1930-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைச் செவிலியரின் பாதுகாவலர்களுள் ஒருவராக அறிவித்தார்.

"வெளியேற்றப்பட்டதை அவர் மறைத்திருந்தால் அதே வாசலுக்குத் திரும்பியிருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தந்தை எழுந்தார். வழியெல்லாம் எங்கள் மகள் பேசாமல் வந்தாள். நாங்களும்தான்.

2023 மே மாதத்தில், அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு சிறிய மருத்துவமனையில் நேர்காணல். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். விண்ணப்பத்தில் அந்த மூன்று மாதங்களை அவள் மறைக்காமல் எழுதியிருந்தாள். பொறுப்பிலிருந்த முதிய சகோதரி அதைப் படித்துவிட்டு நடந்ததைக் கேட்டாராம். இவள் சொன்னாள். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதை மற்றவர்கள் கண்டுபிடித்தார்களா, நீயாகச் சொன்னாயா?"

"நானாகத்தான் சொன்னேன், சிஸ்டர்."

"இப்போது மருந்து கொடுப்பதற்கு முன் என்ன செய்வாய்?"

"பெயரைக் கேட்பேன், எண்ணைப் பார்ப்பேன். இரண்டும் பொருந்தாமல் ஊசியைத் தொட மாட்டேன்."

"திங்கட்கிழமை வந்துவிடு, அம்மா. முதல் இரண்டு மாதம் தனியாக மருந்து கொடுக்க வேண்டாம். மூத்தவர் ஒருவர் உடன் இருப்பார். அது தண்டனை அல்ல, உனக்குத் துணை" என்றார் அவர்.

ஊதியம் குறைவுதான். கடனை அடைக்க எங்களில் ஒருவர் ஓய்வுக்குப் பின்னும் இரண்டாண்டுகள் கூடத்திற்குச் செல்ல நேர்ந்தது. வேலை கிடைத்ததால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டோம். இரவுப் பணி என்றால் மகளுக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது. உண்மையைச் சொன்னதால் கோப்பு மூடப்பட்ட அந்த நாளையும் மறக்கவில்லை. உண்மைக்கு எல்லா வாசலும் திறப்பதில்லை. ஆனால் திறந்த வாசலில் அவள் அச்சமின்றி நிற்கிறாள். பாட்டியின் நோய் என்று எழுதி உள்ளே நுழைந்திருந்தால், என்றைக்கு வெளிப்படுமோ என்ற நடுக்கத்தோடு அல்லவா நோயாளியின் கையைப் பற்றியிருப்பாள்? தன் முதற்பிழையை மறைத்துப் பழகியவள், அடுத்த பிழையை மட்டும் எப்படிச் சொல்லியிருப்பாள்?

இப்பணியில் மகளையோ மகனையோ விட்டிருக்கும் பெற்றோர்க்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். குழுமத்தின் பதிவைக் காலம் தவறாமல் புதுப்பியுங்கள். பணி நியமனக் கடிதமும் ஊதியச் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். அனுபவச் சான்று மறுக்கப்பட்டால் அவை ஓரளவு கைகொடுக்கும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனியுங்கள். முதல் வேலையின் ஊதியத்தைக் கேட்பதோடு, ஓர் இரவுக்கு எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர் என்றும் கேளுங்கள். பிள்ளை பெட்டியோடு திரும்பி வந்தால், ஊரார் என்ன சொல்வார்கள் என்பதை ஒரு நாளேனும் ஒத்திப்போட்டுவிட்டு, முதலில் சோறு போடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அன்று அவள் சாப்பிட்டாளா என்பதுகூட எங்களுக்கு நினைவில்லை.

இப்போது புதிதாகச் சேரும் செவிலியருக்கு முதல் இரண்டு மாதம் துணை நிற்கும் மூத்தவர்களுள் எங்கள் மகளும் ஒருத்தி. அவர்களிடம் தன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பணியைத் தொடங்குகிறாளாம்.