விசைப்படகும் புங்கெண்ணெயும்

காரைக்கால் 1954ஆம் ஆண்டுவரை பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தமை யாவரும் அறிந்ததே. அவ்வரசினர்க்கும் டீசல் எந்திரத்திற்கும் பழைய தொடர்பொன்று உண்டு. 1900ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்துக் கண்காட்சியில் ஓட்டோ கம்பெனியார் சிறியதோர் டீசல் எந்திரத்தை நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டினர். தம் ஆப்பிரிக்க நாடுகளில் விளையுங் கடலையை ஆண்டே எரிபொருளாக்க விரும்பிய பிரெஞ்சு அரசினரின் வேண்டுகோளே அதற்குக் காரணம். நிலத்தெண்ணெய்க்கென அமைந்த அவ்வெந்திரம் யாதொரு மாற்றமுமின்றி ஓடிற்றென்று ருடால்ப் டீசல் 1912இல் எடுத்துரைத்தார்.

அங்ஙனமாயின், அரசலாற்றில் நிற்கும் விசைப்படகிற்கு மட்டும் மாற்றம் வேண்டுவதேன்? அந்நாளில் எண்ணெயை உள்ளே செலுத்தியது அழுத்தப்பட்ட காற்று. பாஷ் கம்பெனியார் 1927இல் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய உயரழுத்தப் பம்பு அம்முறையை நீக்கிற்று. பம்பினுள் உலக்கைபோல் ஏறியிறங்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள வெளி, மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டாற் சில கூறுகளே. தாவர எண்ணெயோ டீசலினும் ஏறக்குறைய பத்து மடங்கு குழகுழப்புடையது. நுண்துளியாய்ச் சிதறாது தாரையாய் வீழ்ந்து, முற்றும் எரியாது, நாசிலைக் கரியால் அடைத்துவிடும். (தமிழ் பயில்வேமாகிய யாம் பீச்சாங்குழலென்று பெயரிட விழையினும், துறைமுகத்தார்க்கு அது நாசிலே.)

ஆகவே, முதற்கண் திருந்த வேண்டுவது எண்ணெயே. மெதனாலும் காரமும் கூட்டிக் கிளிசரினைப் பிரித்தெடுப்பின், குழகுழப்புத் தணிந்து பயோடீசலாகும். புங்கெண்ணெயில் அமிலம் மிகுதலின், அதற்கு முன்னரே ஒரு பக்குவம் வேண்டும். நமக்கு அணித்தாகிய தஞ்சாவூர் - நாகூர் இருப்புப்பாதையிலேயே காட்டாமணக்குப் பயோடீசலைக் கலந்து வண்டிகள் ஓடியதுண்டு.

நூற்றுக்கு 5 பங்கு கலப்பாயின் எந்திரத்தைத் தொட வேண்டுவதில்லை. முழுதும் பயோடீசலாயின், ஊறிப் பருக்கும் இரப்பர் வாஷர்களையும் குழாய்களையும் நீக்கிப் புளோரின் சேர்ந்த இரப்பரை இடல்வேண்டும். செம்பும் பித்தளையும் ஆகா. தொட்டியின் பழைய கசடு கரைந்து வருதலின் பில்டரை விரைவில் மாற்றல்வேண்டும். அழுத்தத்திற்கு எளிதிற் சுருங்காமையின் எண்ணெய் சற்று முந்தியே பாயும். பம்பின் நேரத்தைப் பின்தள்ளி வைத்தல் நன்று.

மேனாட்டார் பயோடீசலுக்கு அஞ்சுவது குளிரை. எமது கரைக்கு அவ்வச்சமில்லை; இங்குப் பகை ஈரமும் வெப்பமுமே. அதனினும் பெரிது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாளெல்லாம் தொட்டியிற் கிடக்கும் பயோடீசல் நீரை ஈர்த்து, காற்றுப்பட்டுப் புளித்துப் பிசினாகிப் பிளஞ்சரைப் பற்றும். கரையிற் பம்பு பழுதாயின் பணமே போம். நடுக்கடலில் எந்திரம் நின்றால் படகிலுள்ளார் நிலை என்னாம்? இதனை முன்வைத்தே காரைக்காலில் இவ்வெண்ணெயை ஆராய்தல் வேண்டுமென்பது எம் கருத்து. தடைக்கு முந்திய கடைசிப் பயணத்திலே தொட்டியிலுள்ள பயோடீசலைத் தீர்த்து, வெறும் டீசலைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பம்பையும் நாசிலையும் கழுவி, அதன் பின்னரே படகைக் கட்டல்வேண்டும்.