அம்மாவும் மா குழைக்கும் இயந்திரமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடியிலே எங்கள் வீடு இருக்கின்றது. வாவியின் மேற்கே படுவான்கரை வயல்கள். இக்கரையிலே தென்னையும் வெண்மணலும். சோறும் பிட்டும் குரக்கன் ரொட்டியுமே எங்கள் மண்ணின் பழைய உணவுகள். கோதுமையோ கப்பலேறி வந்து, திருகோணமலை முதலிய இடங்களில் அரைபட்டு, நம் கடைகளை அடைவது. ஆயினும், காலையிலே பாணும் சம்பலும் அறியாத வீடு நம் ஊரில் உண்டோ? விருந்தாளியாக வந்த பாண் வீட்டாருள் ஒருவராகிப் பல காலமாயிற்று.

அந்தப் பாணுக்குத்தான் எங்கள் வீட்டில் ஒருநாள் தடை வந்தது. அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதைக் கண்ட வைத்தியர், வெள்ளைப் பாணைக் குறைத்துத் தவிடு நீங்காத தானியத்தை அளவோடு உண்ணுமாறு கூறினார். ஆட்டா மாவிலே தாமே பாண் செய்ய முற்பட்டார் அம்மா. ஆனால் எத்தனையோ ஆண்டுகள் ரொட்டிக்கு மா குழைத்த அவருடைய விரல் மூட்டுகள் வலியால் இடம் கொடுக்கவில்லை. இச்செய்தி ரொறன்ரோவிலுள்ள என் தங்கைக்கு எட்டியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில், மா குழைக்கும் மின் இயந்திரம் ஒன்று பெரிய பெட்டியிலே வந்து சேர்ந்தது.

கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். அதை அறியாமல் நேரே பூட்டியிருந்தால் இயந்திரம் அன்றே கருகியிருக்கும். அயலிலுள்ள மின்பணியாளர் ஒருவர் தக்க சமயத்தில் தடுத்தார். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்றை வாங்கினோம்.

அமெரிக்காவில் ஹேர்பேட் ஜோன்ஸ்டன் என்னும் பொறியியலாளர், வெதுப்பகங்களில் மனிதர் படும் பாட்டைக் குறைக்க இத்தகைய இயந்திரத்தை உருவாக்கினார். 1919இல் அது சிறு வடிவம் பெற்று வீட்டு அடுக்களைக்கு வந்தது. கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, கிண்ணத்தையும் வலம் வரும். பூமி தானும் சுழன்று சூரியனையும் சுற்றுவது போல. இதனை நான் வியந்து விளக்க, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைக்கு ஓய்வளிக்க வந்த பொருள், அடுக்களையில் தமக்கிருந்த இடத்தைப் பறிக்க வந்ததாகவே அவருக்குத் தோன்றிற்று.

எனது முதல் முயற்சிகள் அவருடைய ஐயத்தையே உறுதிப்படுத்தின. மா கையில் ஒட்டியது. மேலும் மாவைக் கொட்டினேன். விரைவில் முடிக்க எண்ணி வேகத்தைக் கூட்டினேன். இயந்திரம் சூடேறி மணத்தது. பாணோ செங்கல்லாக வெளிவந்தது. கோதுமை மாவின் விலை நாளுக்கு நாள் ஏறிய காலம் அது. வீணான ஒவ்வொரு பாணும் நெஞ்சைச் சுட்டது.

2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களில் ஒருநாள், மாவும் நீரும் கலந்து இரண்டு நிமிடம் ஆகுமுன் இயந்திரம் நின்றது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அம்மா கிண்ணத்தை ஈரத்துணியால் மூடினார்.

"கிடக்கட்டும் புள்ள. தவிடுள்ள மா, தண்ணி குடிக்க நேரம் வேணும்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியை நீக்கினோம். முன்பு சேறுபோற் கிடந்த மா, பட்டுத்துணி போல் இழுபட்டது! அம்மா வலியின்றி நாலைந்து முறை மடித்து அழுத்தினார், அவ்வளவே தேவைப்பட்டது. இரவு மின்சாரம் வந்ததும் சுட்டெடுத்தோம். முதன்முறையாக எங்கள் வீட்டு ஆட்டாப் பாண் பூரித்து எழுந்தது.

காரணத்தைப் பின்னர் அறிந்தேன். தவிடு நீரை மெல்லவே உறிஞ்சும். ஊறாத தவிட்டின் கூரிய விளிம்புகள், பாணைத் தாங்கும் பசைய வலையை அறுத்துவிடும். ஊறினால் தவிடு மெதுவாகும். பசையமும் தானாகவே இழையோடும். பிரான்சிய நிபுணர் றேமன் கல்வெல் சென்ற நூற்றாண்டில் எழுதி விளக்கிய உண்மையை, அம்மா ரொட்டிக் கல்லின் அருகிலேயே கற்றிருந்தார்.

இப்பொழுது எங்கள் முறை இது: இரண்டு இறாத்தல் பாணுக்கு 600 கிராம் ஆட்டா மா, ஏறத்தாழ 430 மில்லிலீற்றர் குளிர்ந்த நீர். நம் வெப்பத்திலும் கொக்கியின் உராய்விலும் மா விரைவிற் சூடேறுமாதலால் குளிர்நீர் நன்று. இவற்றை ஒரு நிமிடம் கலந்து, அரை மணி நேரம் மூடிவைப்போம். பின்னர் இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், 10 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, குறைந்த வேகத்தில் ஆறேழு நிமிடம் குழைப்போம். ஒட்டுகிறதென்று மேலும் மா சேர்ப்பதில்லை. இருமடங்காகப் பொங்கியதும் அச்சிலிட்டு, மறுபடி எழவிட்டு, 190 பாகை செல்சியசில் 40 நிமிடமளவு சுடுவோம்.

தவிட்டுப் பாணும் மாப்பொருளே. ஆகவே அம்மா மெல்லிய துண்டுகள் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் இயந்திரத்தை நிறுத்தும் நேரத்தைக் கூறும் உரிமை அவருக்கே உரியது. ஒரு துண்டு மாவை விரல்களால் விரித்து, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துத் தலையசைப்பார். அதன்பின்பே நான் விசையை அணைப்பேன்.

சென்ற வாரம் தங்கை தொலைபேசியில், "மெஷின் நல்லா வேலை செய்யுதா அம்மா?" என்று கேட்டாள்.

"செய்யுது மகள்" என்றார் அம்மா. "நான் சொல்லுறபடி செய்யுது."