சுழலும் உளி

தையல், பூவேலை, பின்னல் ஆகியவையே பெண்களுக்கு ஏற்ற கைவேலைகள் என்று பலர் எண்ணுகிறார்கள். மரத்தைச் செதுக்குவது நமக்கு எட்டாத கலை என்பது அவர்கள் கருத்து. சென்ற கோடை விடுமுறையில் அக்கலையில் அடியெடுத்து வைத்தவள் என்ற முறையில், என் அனுபவத்தைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தாத்தா தச்சர். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலின் மர உருவங்கள் யாவும் அவர் செதுக்கியவையே. அவற்றுள் ஆட்டுக்குட்டியைக் கரையான் அரித்துவிட்டது. புதிதாக ஒன்று செய்ய அவருக்கு ஆசைதான். ஆனால் முதுமையால் கைகள் நடுங்குகின்றன. கொட்டாப்புளியைப் பிடித்து உளியைத் தட்ட இயலவில்லை. "தாத்தா, நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள், நான் செய்கிறேன்" என்றேன்.

மாமாவிடம் ஒரு சிறு சுழல் கருவி இருந்தது. பென்சிலைப் போலப் பிடித்துக்கொள்ளலாம். பல் மருத்துவரின் கருவியைப் போல அதன் நுனியில் ஒரு சிறு முனை சுழலும். அமெரிக்காவில் ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமல் என்பவர் 1932ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் இவ்வகைக் கருவிகளுக்குப் பெயர் பெற்றது. நிமிடத்திற்கு 5,000 முதல் 35,000 சுற்றுகள் வரை சுழலும் கருவிகள் உண்டு.

தாத்தாவுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. "மோட்டார் செதுக்கினால் அது உன் வேலையாகுமா அம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

முதலில் பாதுகாப்பு. சடையைக் கொண்டையாக முடிந்தேன். துப்பட்டாவையும் வளையல்களையும் கழற்றி வைத்தேன். கண்ணாடியும் முகமூடியும் அணிந்தேன். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருப்பதால் முகமூடி மிகவும் அவசியம்.

தாத்தா மென்மையான குமிழ மரத்துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மரத்தின் நார் கால்களின் நீளவாக்கில் ஓடும்படி ஆட்டுக்குட்டியை வரையச் சொன்னார். குறுக்கே ஓடினால் மெல்லிய கால்கள் முறிந்துவிடுமாம். வெளிவடிவத்தை ரம்பத்தால் அறுத்து, மரத்தை வைஸில் இறுக்கினோம். பெரிய முனையால் உடலை உருட்டி, சிறிய உருண்டை முனையால் ரோமச் சுருள்களைக் குடைந்தேன்.

கருவியை அழுத்தக் கூடாது. வேகமே வெட்ட வேண்டும். அழுத்தினால் மோட்டார் திணறும், மரம் கருகி வாடை வரும். முனை சுழலும் திசைக்கு எதிராகவே நகர்த்த வேண்டும். அத்திசையிலேயே நகர்த்தினால் அது சக்கரம்போல் மரத்தின்மேல் ஓடிவிடும். நாருக்கு எதிராகச் சென்றால் உளி மரத்தைப் பிளந்துவிடும்; இம்முனையோ எப்பக்கமும் செல்லும். அப்போது எழும் பிசிறுகளை உப்புத்தாள் போக்கிவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் கருவிக்குத் தெரியாது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா? ஒவ்வொரு சுருளுக்கும் நிறுத்தி, நிழலைப் பார்த்து, விரலால் தடவி முடிவு செய்தேன். காதுகளைக் கடைசிக்கு வைத்தேன். பதினோரு நாட்கள் ஆயின. தாத்தா நடுங்கும் விரலால் காதைத் தடவிப் பார்த்து, "இந்தக் காது மோட்டார் செய்ததில்லை, என் பேத்தி செய்தது" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு அவரே விடையும் தந்துவிட்டார்.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியால் வளர்ந்த அக்கலைக்குக் கருவி பகையன்று; கற்க வரும் கைகள் இல்லாமற்போவதே பகை. ஆகவே தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு தொழில் அறிந்த பெரியவர் இருப்பார். அவர் கைகள் ஓயுமுன் அவரருகே சென்று அமருங்கள்.