டோரா எந்த ஊர்ப் பொண்ணு?

உங்க கிளாஸ்ல ஒரு சின்ன டெஸ்ட் வெச்சுப் பாருங்க மக்களே! லெக்சரர் வர லேட் ஆகுற ஒரு மதிய நேரம்... கடைசி பெஞ்ச்ல இருந்து சத்தமா, 'குள்ளநரி..!'னு மட்டும் கத்துங்க. பாதி கிளாஸ் யோசிக்காமலே 'திருடக் கூடாது!'னு கோரஸ் கொடுக்கும். மீதிப் பாதி, 'இதுங்களுக்கு என்னாச்சு?'ங்கிற ரேஞ்சுல திரும்பிப் பார்க்கும்.

முதல் பாதி, சுட்டி டி.வி. பார்த்து வளர்ந்த கூட்டம். ரெண்டாவது பாதி, அதே டோராவை இங்கிலீஷ்ல பார்த்த கூட்டம். நம்ம குள்ளநரி அவங்களுக்கு 'ஸ்வைப்பர்'. நம்ம புஜ்ஜி அவங்களுக்கு 'பூட்ஸ்'. ஒரே குரங்கு, அதே சிவப்பு பூட்ஸ்... ஆனா, பேரு மட்டும் வேற வேற!

நான் முதல் பாதி. சங்கரன்கோவில் பக்கத்துல ஒரு கிராமம். நான் பிறந்தது 2005. அடுத்த வருஷம்தான் தமிழ்நாட்டுல இலவச கலர் டி.வி. திட்டம் வந்துச்சு. 2007 ஏப்ரல்ல சுட்டி டி.வி. ஆரம்பிச்சாங்க. ஆக, நான் நடக்கப் பழகி, பேசப் பழகி, 'எனக்கு ஒரு டி.வி. வேணும்'னு அழ ஆரம்பிக்கிறதுக்குள்ள, பொட்டியும் ரெடி, உள்ள டோராவும் ரெடி. என்ன ஒரு டைமிங்!

எங்க வீட்ல டோரா பார்க்கிறதுன்னா அது நான் மட்டும் பார்க்கிறது இல்லை. அம்மா ஒரு ஓரத்துல தையல் மெஷின்ல ஜாக்கெட் தைச்சுக்கிட்டே பார்ப்பாங்க. ஆச்சி வெத்தலை இடிச்சுக்கிட்டே பார்ப்பாங்க. டோராவுக்குப் பின்னாடியே மலை இருக்கும். அவ நம்மகிட்ட 'மலை எங்கே இருக்கு?'னு கேட்டுட்டு, கண்ணை உருட்டிக்கிட்டு வெயிட் பண்ணுவா. நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஆச்சி சொல்லிடுவாங்க... 'உம் பொறத்தாலதான்ட்டி இருக்கு, திரும்பிப் பாரு!'

ஆச்சிக்கு டோரா மேல பாசத்தைவிட கவலைதான் ஜாஸ்தி. 'இந்தப் பிள்ளைய இப்டித் தன்னந்தனியா காட்டுக்குள்ள விட்டுட்டாளே, இவ ஆத்தா என்னத்தத்தான் செய்தா?'னு தினம் ஒரு தடவையாவது கேட்டுருவாங்க. அப்புறம் புஜ்ஜியைப் பார்த்துட்டு அவங்களே சமாதானம் ஆகிக்குவாங்க. 'சரி, ராமருக்கு அனுமார் மாதிரி இவளுக்கு ஒண்ணு கூடவே இருக்கு.' அமெரிக்காவுல உட்கார்ந்து அந்தக் குரங்கை வரைஞ்சவங்க கனவுலகூட இப்படி ஒரு விளக்கத்தை யோசிச்சிருக்க மாட்டாங்க!

இப்படி ஜாலியா போய்க்கிட்டு இருந்த என் டோரா வாழ்க்கையில, ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல்லதான் ஒரு இடி. ராத்திரி மெஸ் முடிஞ்சு ரூம்ல அரட்டை. சின்ன வயசு கார்ட்டூன் பத்திப் பேச்சு வந்துச்சு. 'ஐ... நம்ம ஏரியா'னு நானும் குதிச்சு, புஜ்ஜி, குள்ளநரினு அடுக்க ஆரம்பிச்சேன். சிட்டி ஸ்கூல்ல படிச்ச ரூம்மேட் ஒருத்தி, 'ஹேய்... நீ டப்பிங்லயா பார்த்தே? ஸோ க்யூட்!'னா. திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன். 'க்யூட்'னு சொன்னா என்ன பண்றது? என் மொத்தக் குழந்தைப் பருவமே ஒரு ஜெராக்ஸ் காப்பி, ஒரிஜினல் அவகிட்ட இருக்குங்கிற மாதிரி ஒரு ஃபீலிங். அன்னிக்கு ராத்திரி சரியா தூக்கம் வரலை.

அவ கெட்டவ எல்லாம் இல்லை. மறுநாளே லேப்டாப்ல அவளோட டோராவைப் போட்டுக் காட்டினா. பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு லீவுக்கு அமெரிக்கா போயிட்டு வந்து ஸ்டைலாப் பேசுற மாதிரியே இருந்துச்சு. ஆனா, நடுநடுவுல டோரா இங்கிலீஷும் இல்லாம வேற என்னமோ பேசுறா. என்னடி இதுன்னு கேட்டா, ஸ்பானிஷாம்!

அங்கேதான் மேட்டரே ஆரம்பிச்சது. 2000 ஆகஸ்ட்ல நிக்கலோடியன் சேனல்ல டோரா வந்தப்போ, அவ ஒரு லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பொண்ணு. அமெரிக்க டி.வி-யில அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்க ஹீரோயினா வர்றதெல்லாம் ரொம்பவே அபூர்வமான காலம். இங்கிலீஷ் பேசுற குழந்தைங்களுக்கு டோரா ஸ்பானிஷ் வார்த்தை சொல்லிக் கொடுத்தா. அதாவது, பெரும்பான்மை வீட்டுப் பிள்ளைங்க, பக்கத்துத் தெருவுல பேசுற பாஷையைக் கத்துக்கிட்டாங்க. வீட்ல ஸ்பானிஷ் பேசுற பிள்ளைங்களுக்கோ, 'எங்கம்மா பேசுற பாஷையை டி.வி-யிலயே பேசுறாங்க'ன்னு ஒரு கெத்து.

இப்போ நம்ம ஊர் டோராவை ஞாபகப்படுத்திப் பாருங்க. அவ தமிழ்ல பேசிக்கிட்டே என்ன சொல்லிக்கொடுத்தா? இங்கிலீஷ்! லத்தீன் அமெரிக்காவுல ஸ்பானிஷ்லயே பேசுற டோராவும் இங்கிலீஷ்தான் சொல்லிக் கொடுத்தா. அமெரிக்காவுல சின்ன பாஷைக்குக் கைகொடுத்த அதே பொண்ணு, எல்லையைத் தாண்டினதும் பெரிய பாஷைக்கு டியூஷன் டீச்சர் ஆகிட்டா!

இதைத் தெரிஞ்சுக்கிட்டதும் முதல்ல கோபம்தான் வந்துச்சு. ஒரு தெலுங்கோ, மலையாளமோ சொல்லிக் கொடுத்திருந்தா, அமெரிக்க டோரா செஞ்ச அதே வேலையை இவளும் செஞ்சிருப்பாளேன்னு தோணுச்சு. ஆனா, தையல் மெஷின் சத்தம் ஞாபகம் வந்ததும் அந்தக் கோபம் பாதியா குறைஞ்சிடுச்சு. எட்டாவதோட படிப்பை நிறுத்தினவங்க எங்கம்மா. டோரா ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையா சொல்லச் சொல்ல, பெடலை நிறுத்தாம அவங்களும் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாங்க. நான் திரும்பினா கப்சிப்! டோரா அவங்களுக்குக் கொடுத்தது, சிரிக்க ஆள் இல்லாத ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். தெலுங்கு சொல்லிக் கொடுத்திருந்தா அம்மா அவ்வளவு ஆர்வமா உதட்டை அசைச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியலை. நமக்கு என்ன தேவைன்னு பார்த்துதான் டோராவை மாத்தியிருக்காங்க. அந்தத் தேவையே இங்கிலீஷா இருந்ததுதான் கொஞ்சம் வலிக்குது.

சரி, வெளியூர் கார்ட்டூனை இஷ்டத்துக்கு மாத்திட்டா எல்லா ஊர்லயும் ஹிட் ஆகிடுமா? அதுவும் இல்லை பாஸ். 2005-ல எம்.பி.சி. சேனல் அமெரிக்காவோட 'சிம்ப்சன்ஸ்' தொடரை அரபு நாடுகளுக்குக் கொண்டுபோச்சு. பேரு 'அல் ஷம்ஷூன்'. அப்பா ஹோமர், உமர் ஆகிட்டார். அவர் குடிக்கிற பீர், சோடா ஆகிடுச்சு. பன்றிக்கறி மெனுவுலயே இல்லை. எகிப்தோட பெரிய காமெடி நடிகர் முகமது ஹெனேதி குரல் கொடுத்தார். எல்லாம் பக்காவா பிளான் பண்ணியும் தொடர் ஊத்திக்கிச்சு. காரணம் சிம்பிள். சோம்பேறியா, குடிகாரனா, சொதப்புற அப்பாவா இருக்கிறதுதான் ஹோமரோட காமெடியே. அதையெல்லாம் சலவை பண்ணி எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது மஞ்சள் கலர் மட்டும்தான்!

இன்னொரு பக்கம், ஜெர்மனியைப் பாருங்க. அங்கே எரிகா ஃபுக்ஸ்னு ஒரு அம்மா. கலை வரலாற்றுல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. 1951-ல ஆரம்பிச்ச 'மிக்கி மவுஸ்' பத்திரிகையோட முதல் ஆசிரியர். டொனால்டு டக் காமிக்ஸை அவங்க ஜெர்மன்ல எழுதினப்போ, அந்த வாத்து மகாகவி ஷில்லர் வரிகளை எல்லாம் எடுத்துவிட ஆரம்பிச்சிடுச்சு. நம்ம ஊர்ல வடிவேலு காமெடிக்கு நடுவுல கம்பராமாயணம் வர்ற மாதிரி! பெருமூச்சு விடுறது, யோசிக்கிறதுக்கெல்லாம் அவங்க வினைச்சொல்லைச் சுருக்கி எழுதின ஸ்டைலுக்கு ஜெர்மன்ல அவங்க பேரையே வெச்சு 'எரிகாட்டிவ்'னு பேரு. 2005-ல அவங்க இறந்துட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு, அவங்க வாழ்ந்த ஊர்ல அவங்க பேர்லயே ஒரு மியூசியம் திறந்தாங்க. ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு மியூசியம்! அந்த ஊர்ல யாராவது, 'நீ டப்பிங் டொனால்டா படிச்சே? ஸோ க்யூட்'னு சொல்ல முடியுமா?

இதை வீட்ல சொன்னப்போ, அப்பா பேப்பரை மடக்கி வெச்சுட்டு, 'இதென்ன அதிசயம்? நாங்க இரும்புக்கை மாயாவி படிக்கலியா?'ன்னார். பிரிட்டிஷ் காமிக்ஸ்ல பிறந்த அந்த ஹீரோவை 1972-ல தமிழுக்குக் கூட்டிட்டு வந்தது சிவகாசி முத்து காமிக்ஸ். எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரம்தான். 'சின்ன வயசுல மாயாவி சிவகாசிக்காரர்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்'னார் அப்பா சீரியஸா. அம்மா ரெண்டு நாள் அதையே சொல்லிச் சிரிச்சாங்க.

ஆனா, எல்லாத்தையும் நம்மளோடதா ஆக்கிக்கும்போது ஒண்ணு நம்ம கண்ணுல இருந்து நழுவிடுது. 'டாம் அண்ட் ஜெர்ரி'யில ஒரு அம்மா வருவாங்களே... முகம் தெரியாது, காலும் துடைப்பமும்தான் தெரியும். எங்க வீட்ல எல்லாருக்கும் அவங்கதான் டாமோட ஓனரம்மா. ஆச்சிக்கு ரொம்பப் பிடிச்ச கேரக்டர். 'வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கா பாரு'ன்னு சர்ட்டிஃபிகேட் எல்லாம் கொடுத்திருக்காங்க. அமெரிக்காவுல ஒரு கறுப்பினக் குடும்பம் அந்தக் கால்களைப் பார்த்தா அவங்களுக்குத் தெரியுறது வேற. கறுப்பினப் பெண்ணுன்னா வெள்ளைக்காரங்க வீட்டு வேலைக்காரிதான், கொச்சையாத்தான் பேசுவாங்கங்கிற பழைய கிண்டல் அது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அந்தக் காலத்துலேயே எதிர்ப்பு தெரிவிச்சது. 1952-க்கு அப்புறம் வந்த படங்கள்ல அவங்க இல்லை. சங்கரன்கோவில்ல சர்ட்டிஃபிகேட் வாங்கின அதே கால், சொந்த ஊர்ல ஒரு காயம்!

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு, 'ஒரிஜினல் எது, காப்பி எது'ன்னு யாராவது கேட்டா எனக்குக் கூச்சம் வர்றதில்லை. ஸ்பானிஷ் பேசுற டோராவை இழந்துட்டோம், உண்மைதான். பதிலுக்கு, என் வீட்ல மூணு தலைமுறை ஒரே நேரத்துல ஒரே பொட்டி முன்னாடி உட்கார்ந்து அவளுக்கு வழி சொல்லிச்சு. ரூம்மேட்கிட்டயும் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்தவ, 'நான் தனியாத்தான்டி பார்த்தேன். எங்க பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது'ன்னா. அதுக்கு மேல ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை.

அவ சொன்னது போன மே மாச லீவுல எனக்கு நல்லாப் புரிஞ்சது. பெரியப்பா மகன் பெங்களூர்ல இருந்து குடும்பத்தோட வந்திருந்தார். அவரோட பையனுக்கு நாலு வயசு. எந்நேரமும் கையில செல்போன், அதுல 'பெப்பா பிக்'. பயபுள்ள பேசுற இங்கிலீஷ்ல லண்டன் வாசனை! பக்கத்துல உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்த ஆச்சிக்கு ஒண்ணும் புரியலை. டோராவுக்கு வழி சொன்ன மனுஷி, 'ஏட்டி, என்னதான் சொல்லுது அந்தப் பன்னி?'ன்னு என்கிட்ட கேட்டாங்க.

நடுவுல போய் உட்கார்ந்தேன். பெப்பா ஒவ்வொரு வரி பேசப் பேச, நான் தமிழ்ல குரல் கொடுக்க ஆரம்பிச்சேன். 'மழை பெய்ஞ்சிருக்காம் ஆச்சி... வெளிய போய் சகதியில குதிக்கணுமாம்.'

'பன்னி சகதியில குதிக்காம, பின்ன பல்லாங்குழியா ஆடும்?'ன்னாங்க ஆச்சி.

குட்டிப் பையன் முதல் தடவையா போன்ல இருந்து தலையைத் தூக்கினான். 'பல்லாங்குழின்னா வாட், அத்தை?'

ஆச்சி ஏற்கெனவே எழுந்து, பரண் மேல இருந்த கட்டையை இறக்கச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.